மணிக்கு எட்டு கிலோமீட்டர்

பிரான்ஸ் நாட்டுக் கால்வாய்களில் ஒரு வாரம் சொகுசுப் படகில் மிதந்து வர வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை வந்துவிட்டது. எங்கள் புக்கிட் மெர்தாஜாமில் இப்படிப்பட்ட ஆசைகள் லங்காவியோடு நின்றுவிடும். மிஞ்சிப் போனால் பழனி. விஷயம் மாமாவின் காதுக்குப் போனது. மாமா பிறையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், வேகத்துக்குக் கூலி வாங்கியே பழகியவர். “மெதுவாப் போறதுக்கு நாம காசு கொடுக்கணுமா?” என்றார்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை போகும் மிடி கால்வாயின் நீளம் 240 கிலோமீட்டர். இங்கிருந்து ஈப்போவையும் நன்றாகத் தாண்டிவிடும் தூரம். மாமா வழியில் தே தாரேக் குடித்தும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவார். அங்கே படகுக்கு வேக வரம்பே மணிக்கு எட்டு கிலோமீட்டர்தான். சொகுசுப் படகுகள் ஒரு வாரத்தில் அதில் ஒரு துண்டைத்தான் காட்டும். அதற்கு ஆளுக்குப் பல ஆயிரம் யூரோ. படகிலேயே சைக்கிளும் வைத்திருப்பார்கள். அலுத்துப் போனவர்கள் கரையோரமாக மிதித்து, படகுக்கு முன்னாலேயே அடுத்த ஊருக்குப் போய்க் காத்திருக்கலாம். படகுக்குப் பணம் கட்டிவிட்டுச் சைக்கிளில் போகிற சுற்றுலாவை மாமா கேள்விப்பட்டதே இல்லை.

கால்வாயை வெட்டியவர் பியேர் போல் ரிக்கே, உப்புவரி வசூலித்தவர். சொந்தப் பணத்தையும் கொட்டினார். 1681இல் திறப்பு விழா. மனிதர் 1680இலேயே கண்ணை மூடிவிட்டார். பெசியே நகருக்கு அருகே அந்தக் காலத்தில் படகுகள் எட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் படிப்படியாக இருபத்தொன்றரை மீட்டர் ஏறி இறங்கின. ஏழு மாடி உயரம். எங்கள் பக்கத்து அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதானால் அரிசி மூட்டையோடு ஏறுகிற உயரம்தான். அதை யாரும் நின்று படம் பிடிப்பதில்லை.

அத்தையின் கவலை வேறு. பிரெஞ்சுக்காரர்கள் நத்தை சாப்பிடுவார்களாம். கங்கோங் கீரைப் பாத்தியில் நத்தையைக் கண்டால் அத்தை உப்பைப் போடுவார்; அவர்கள் வெண்ணெயைப் போடுகிறார்கள்.

எனக்கு இதெல்லாம் பெரிதில்லை. ஒரு வாரம் முழுக்க நாங்கள் சும்மா இருப்போமா என்பதுதான் சந்தேகம். மெதுவாகப் போவது நமக்குப் புதிதல்ல. பட்டவொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையே 1894இலிருந்து பெர்ரி ஓடுகிறது. 1985இல் பாலம் வந்த பிறகும் நிற்கவில்லை. அந்தப் பழைய இரண்டடுக்குப் பெர்ரியில் தீவுக்குப் போக ஒரு வெள்ளி இருபது காசு, திரும்பி வர இலவசம் என்று இருந்தது. கால்மணி நேரத்துக்குக் கடல் காற்று. அதையாவது உட்கார்ந்து அனுபவித்தோமா? தீவு கண்ணில் பட்டதும் எழுந்து போய் வாசலில் முட்டிக்கொண்டு நிற்போம். தீவோ ஏறும்போதே கண்ணில் படும்.

தமிழருக்குக் கால்வாய் உல்லாசம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. பாரதிதாசன் பக்கிங்காம் கால்வாயில் மாமல்லபுரத்துக்குப் படகில் போனதைக் கவிதையாகவே எழுதியிருக்கிறார். இன்று சென்னையில் அந்தக் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. அங்கே அடிக்கும் நாற்றத்தில் கவிதைக்கு மூக்கு ஒத்துழைக்காது.

இதையெல்லாம் மனைவியிடம் வரிசையாகச் சொன்னேன். அவள் பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “மாப்ள, அங்க வாடகைப் படகும் கிடைக்குதாமே? நாமளே ஓட்டலாமாம், லைசென்சுகூட வேணாமாம்?”

உண்மைதான் என்றேன். வேக வரம்பையும் நினைவுபடுத்தினேன்.

“ராத்திரியில யாரு பாக்கப் போறா?” என்றார் மாமா.