கொஞ்சம் சாமான்தான் அண்ணே

டாடா கம்பெனி 2005ஆம் ஆண்டு ஏஸ் என்ற பெயரில் ஒரு சின்ன லாரியை இறக்கியது. வடக்கே அதைச் சோட்டா ஹாத்தி என்றார்கள். நம் ஊரில் குட்டியானை. பெயர்தான் யானை, உள்ளே இருப்பதோ இரண்டு சிலிண்டர், 16 குதிரை. இரண்டு பேர் ஓட்டிக் களைத்த பிறகு என் கைக்கு வந்த வண்டி என்பதால், அந்தக் குதிரைகளிலும் நாலைந்து ஓய்வு பெற்றுவிட்டன.

சைதாப்பேட்டையில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடிதான் எங்கள் ஸ்டாண்டு. வீடு மாற்றுகிறவர் நேரில் வருவார். என்னென்ன சாமான் என்று கேட்போம். அவர் சொல்வதை நம்பாமல் கூடவே போய் வீட்டைப் பார்ப்போம். பீரோவைத் தட்டுவோம், மாடிப்படியை எண்ணுவோம், ஆயிரம் கூட்டிச் சொல்வோம், அவர் ஆயிரத்து ஐந்நூறு குறைத்துக் கேட்பார். டீ ஆறுவதற்குள் ஒரு தொகை படிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தவன் என் மச்சான். “இன்னும் மரத்தடியில உக்காந்துட்டு இருக்கியே மாமா, இப்பல்லாம் லோடு ஃபோன்ல வருது” என்றான். அன்று மாலையே ஓர் ஆன்லைன் சந்தையில் என்னைப் பதிவு செய்தான். அனுபவம் எத்தனை ஆண்டு என்று அது கேட்டது. நான் வண்டி ஓட்டத் தொடங்கி ஒன்பது ஆண்டு, வண்டிக்கு வயது பன்னிரண்டு, லோடுமேன் பெரியவர் சுமை தூக்குவது முப்பது ஆண்டாக. மூன்றையும் கூட்டி, ‘ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உங்கள் சேவையில்’ என்று போட்டுவிட்டான். எனக்கு வயது நாற்பத்து மூன்று. சேவைப் பகுதி இந்தியா முழுவதும் என்றும் இருந்தது. பரனூர் சுங்கச்சாவடியை என் வண்டி தாண்டியது ஒரே ஒரு முறை. திரும்பி வரும்போது இன்னொரு லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

இந்தச் சந்தையில் விற்பது வேலை இல்லை, லீடு. அதாவது, வீடு மாற்றப்போகிறேன் என்று ஒருவர் தட்டிவிட்ட ஃபோன் நம்பர். அதே நம்பரை என்னைப் போல இன்னும் நாலைந்து பேருக்கும் விற்பார்கள். வேலை ஒருவருக்குத்தான். வாலட்டில் காசு போவது எல்லோருக்கும். முந்திக் கூப்பிடுகிறவனுக்குத்தான் வேலை என்று மச்சான் சொல்லிக்கொடுத்திருந்ததால், முதல் லீடு வந்த பத்தாவது விநாடி அழைத்தேன். “ஃபோனை இன்னும் கீழயே வெக்கலையேப்பா, நீ மூணாவது ஆளு” என்றார் அந்த அம்மா. இரண்டாவது லீடு, அடுத்த வருஷம் வீடு மாறலாமா என்று இப்போதே யோசிக்கிறவர். மூன்றாவதை அழைத்தபோது மரத்துக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. பக்கத்து வண்டிக்காரர் ஆன்லைனில் என்ன ரேட் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வாடிக்கையாளராக வேஷம் கட்டியிருந்தார். மூன்று நம்பருக்கும் கட்டிய காசில் வண்டிக்கு டீசல் போட்டிருக்கலாம்.

பிறகு ஆடி வந்தது. ஆன்லைன் காலண்டருக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. எல்லா நாளும் பச்சையாகவே காட்டும். துணிக்கடைக்காரன் போடுகிறானே என்று மச்சான் ‘ஆடித் தள்ளுபடி 30 சதவீதம்’ என்று போட்டான். இனாமாக ஏற்றிப்போகிறேன் என்றாலும் ஆடியில் எவரும் பால் காய்ச்ச மாட்டார்கள். அந்த மாதம் வந்தது ஒரே ஓர் அலுவலகச் சாமான். நாற்காலிகளுக்கு ஆடி கிடையாது.

ஆவணி பிறந்த முதல் சனிக்கிழமைக்கு ஏழு லீடு. ஏழு பேருக்கும் ஒரே நேரம். ஒன்பதுக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் புது வீட்டில் பால் பொங்க வேண்டும். நான் பிடித்தது கோடம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர். போனால் வாசலில் ஒரு பாட்டி, கையில் தயிர்க் கிண்ணம். சனிக்கிழமை கிழக்கே சூலம், தயிர் சாப்பிட்டுப் போனால் தோஷம் இல்லையாம். எனக்கு ஒரு கரண்டி, லோடுமேன்களுக்கு ஆளுக்கு ஒரு கரண்டி, வண்டியும்தானே போகிறது என்று முன்பக்க பம்பரில் கொஞ்சம். வண்டியைக் கிளப்பினேன். அந்தத் தெரு ஒருவழிப் பாதை. ஃபோனில் இருந்த பெண் குரல், மேற்கு நோக்கிச் செல்லவும் என்றது. பாட்டி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “பாத்தியா, அந்தப் பொண்ணும் பஞ்சாங்கம் பாத்துட்டுத்தான் சொல்றா.”

ராகுகாலத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ‘கொஞ்சம் சாமான்.’ சென்னையில் ஒரு வீட்டின் எடை தெரிய வேண்டுமானால் ஹாலைப் பார்க்கக் கூடாது, பரணைப் பார்க்க வேண்டும். மரத்தடிக்காரன் அண்ணாந்து பார்த்துவிடுவான். ஆன்லைனில் பரண் இல்லை. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் என்று படம் போட்ட பட்டன்கள்தான் உண்டு. வீட்டுக்காரர் தொட்டுக்கொண்டே போனால் கடைசியில் வாடகை வந்து நிற்கும். டிரெட்மில்லுக்கு ஒரு பட்டன் இருக்கிறது. கொலுப்படிக்கு இல்லை.

வேளச்சேரித் தம்பி ஒருவர் கட்டில் ஒன்று, பீரோ ஒன்று, ஃபிரிட்ஜ் ஒன்று, பெட்டி பத்து என்று தொட்டு 2,800 ரூபாய் வரவழைத்திருந்தார். “கொஞ்சம் சாமான்தான் அண்ணே, ஒரே நடைல முடிஞ்சிடும்.” மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்தது, ஆனால் அதில் சாமான் ஏற்றக்கூடாது என்று சங்கத்துக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பெட்டி பத்தும் சரிதான். பிறகு பரணைத் திறந்தார்கள்.

சீராக வந்த அண்டாவும் குண்டானும் இறங்கின. ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு தவலை. கொலு பொம்மை ஆறு பெட்டி, ஒவ்வொன்றின் மேலும் ‘ஜாக்கிரதை’ என்று மூன்று தலைமுறைக் கையெழுத்து. வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துப் பைண்டு செய்த தொடர்கதைகள் இரண்டு மூட்டை. காகிதம் இவ்வளவு கனக்கும் என்று அவற்றை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்காது. மொட்டை மாடியில் இருபத்தெட்டுத் தொட்டி கத்தரியும் வெண்டையும். துளசி மாடம். கடைசியாக, பால்கனி மூலையில் சாக்கு போர்த்தி வைத்திருந்ததைத் தம்பி விலக்கினார். ஆட்டுக்கல்.

“இதுல மாவாட்டுறீங்களா தம்பி?”

“இல்லண்ணே, அம்மா கல்யாணத்துக்கு வந்தது.”

ஃபிரிட்ஜைக் காலி செய்தது நான்தான். உள்ளே கடை மாவு, அரைக் கிலோ பாக்கெட் இரண்டு.

லோடுமேன் பெரியவர் ஆட்டுக்கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, “இதை எந்தப் பட்டன்ல அழுத்துனாராம், கேளு” என்றார். நான் இரண்டாவது நடைக்குத் தனியாக ஆயிரத்து ஐந்நூறு கேட்டேன். தம்பி ஃபோனை நீட்டி 2,800 என்று காட்டினார். மரத்தடியில் பேரம் முதலில் முடியும், பிறகு ஏற்றுவோம். இங்கே பாதி வீடு வண்டியிலும் பாதி வீடு படிக்கட்டிலும் இருக்கும்போது பேரம். அவராலும் போகச் சொல்ல முடியாது, என்னாலும் போக முடியாது. எழுநூறுக்குப் படிந்தது. டீ அவர் கணக்கு.

அதற்குப் பிறகு நட்சத்திரம். ஒருவர் மூன்று போட்டு, ‘ஆட்கள் நல்லவர்கள், ஆனால் மழை பெய்தது’ என்று எழுதினார். பெரம்பூர்ப் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வாழ்த்தி, கதம்பச் சோறும் போட்டு அனுப்பிவிட்டு, ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். மனசு கேட்காமல் ஃபோன் செய்தேன். “நீங்கதான் ஒண்ணாம் நம்பர் ஆளாச்சே, அதான் ஒண்ணு போட்டேன்” என்றார். அவரிடம் நான் என்ன விளக்குவது? இப்போது சந்தையில் என் சராசரி மூன்று புள்ளி ஒன்று.

வேளச்சேரி ஆட்டுக்கல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புது வீட்டு ஓனர் டைல்ஸ் உடைந்துவிடும் என்று உள்ளே விடவில்லை. “நீங்களே வெச்சுக்கங்கண்ணே” என்றார் தம்பி. அது இப்போது எங்கள் தூங்குமூஞ்சி மரத்தடியில் கிடக்கிறது. நானும் பக்கத்து வண்டிக்காரரும் முறைபோட்டு அதில் உட்கார்ந்துதான் லீடு பார்க்கிறோம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல குளிர்ச்சி.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது வீடு மாறுவதாக இருந்தால், தயவுசெய்து ஆட்டுக்கல்லை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆடியில் மாறுவதாக இருந்தால் சொல்லவே வேண்டாம், பாதி வாடகைக்கு வருகிறேன்.