இஞ்சி வாசம்

கேள்வி: தயாரிப்பை நிறுத்திய பிறகும் குச்சி (Gucci) நிறுவனத்தின் 'என்வி ஃபார் மென்' செண்ட்டைத் தேடி அலைகிறார்களே, அப்படி என்ன இருக்கிறது அதில்?

பதில்: இஞ்சி! 1998-இல் டானியேலா ஆண்ட்ரியே என்ற வாசனைக் கலைஞர் உருவாக்கிய செண்ட் இது. அடித்தவுடன், அப்போதுதான் தோல் சீவிய இஞ்சி மாதிரி மூக்கில் ஏறும்; கூடவே ஏலக்காய். சிலருக்கு அந்தக் காரம் ஒத்துவராது. எனக்கு அதுதான் உயிர். பிறகு காரம் தணிந்து, சாம்பிராணிப் புகை போட்ட வீடு போல ஒரு மணம் சட்டைக் காலரில் தங்கும். போட்டவர்கள் பலர் உருகுவது இந்த இடத்தில்தான். 'என்வி' என்றால் பொறாமை. ஒரு பாட்டில் வைத்திருப்பவரைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும்! கிடைத்தால் வெயில் படாமல் பீரோவுக்குள் வையுங்கள். வெளிச்சமும் சூடும் செண்ட்டைக் கெடுத்துவிடும்.