மாரிசோல் எங்கே போனார்?

கேள்வி: ஸ்பெயின் பாடகி மாரிசோல் இப்போது எங்கே பாடுகிறார்?

பதில்: எங்கும் இல்லை. 1985-ல் நிறுத்தினார், நிறுத்தியது நிறுத்தியதுதான். சொந்த ஊரான மாலகாவில் வாழ்கிறார். வீட்டில் முணுமுணுத்தால் அது அவருடைய பாட்டு, நமக்குச் சொந்தமில்லை.

கேள்வி: அவரைக் கண்டுபிடித்தது யார்?

பதில்: மனுவேல் கோயானெஸ் என்ற தயாரிப்பாளர். 1948-ல் பிறந்த மாரிசோலின் இயற்பெயர் ஹோசஃபா புளோரெஸ் கொன்சாலெஸ், வீட்டாருக்குப் பெப்பா. பல ஏழைக் குடும்பங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருக்கும் வளவில் வளர்ந்த பெண். 1959-ல், 11 வயதில், ஆடல்பாடல் குழு ஒன்றோடு மாட்ரிட் போய்ப் பாடினாள். கோயானெஸ் கண்ணில் பட்டாள். அப்போதே ஒப்பந்தம் போட்டாயிற்று. அடுத்த ஆண்டே 'ஒளிக்கீற்று' என்ற பொருள் தரும் முதல் படம். வெனிஸ் திரைவிழாவில் குழந்தை நட்சத்திரத்துக்கான பரிசு.

கேள்வி: அந்தப் பொன்னிறக் கூந்தல் பிறவியிலேயே வந்ததா?

பதில்: சலூனில் வந்தது. இயற்கையான நிறம் போதாது என்று வெளுத்துவிட்டார்கள். பெயரும் புதிது. தாய் தகப்பன் மாலகாவில். பிள்ளையோ மாட்ரிட்டில் தயாரிப்பாளர் குடும்பத்தோடு. ஃபிராங்கோ சர்வாதிகாரத்தில் இருந்த நாட்டுக்குக் கவலையே அறியாத ஒரு சிறுமியின் முகம் தேவைப்பட்டது. 1962-ல் 'தோம்போலா' படம் வந்தபோது அந்த முகம் பொம்மையாகவும் அட்டைப்படமாகவும் கடைகளில் தொங்கியது. சிரித்துக்கொண்டே இருப்பதும் உழைப்புதான். ஒரு குழந்தையிடம் அந்த வேலையை வாங்கியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

கேள்வி: காதல், கல்யாணம்?

பதில்: 1969-ல் தயாரிப்பாளரின் மகன் கார்லோஸைக் கைப்பிடித்தார், சில ஆண்டுகளில் பிரிந்தார்கள். பிறகு ஃபிளமெங்கோ நடன மேதை அந்தோனியோ காடெஸ்.  மூன்று மகள்கள். 1982-ல் கியூபாவில் திருமணம். முன்னின்று நடத்தியவர்களில் ஃபிடல் காஸ்ட்ரோவும் ஒருவர். சர்வாதிகாரத்தின் செல்லப்பிள்ளை என்று காட்டப்பட்டவர், வளர்ந்ததும் தன் அரசியலைத் தானே தேர்ந்தெடுத்தார். இடதுசாரி என்று ஒளிக்காமல் சொன்னார்.

கேள்வி: 1976-ல் ஒரு பத்திரிகை அட்டையில் ஆடையின்றி வந்தாரே, பழைய பிம்பத்தை உடைக்கத்தானே?

பதில்: படம் சில ஆண்டுகளுக்கு முன் எடுத்தது. ஃபிராங்கோ இறந்து ஓராண்டுகூட ஆகாத நேரத்தில் 'இன்டர்வியூ' இதழ் அதை வெளியிட்டது. சுதந்திரத்தின் சின்னம் என்று பலர் கொண்டாடினார்கள். சின்னமாக்கப்பட்டவருக்கு அதில் என்ன சுதந்திரம் கிடைத்தது என்று கேட்டவர்கள் குறைவு. நான் கேட்கிற பக்கம்.

கேள்வி: பெரியவளான பிறகு உருப்படியாக ஏதாவது நடித்தாரா?

பதில்: உருப்படியாக நடித்ததே பிறகுதான். மாரியோ காமுஸ் இயக்கிய 'கடந்த நாட்கள்' (1978) பாருங்கள். 1940-களின் ஸ்பெயின். தெற்கிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை வடக்கு மலைக் கிராமத்துக்கு வேலை வாங்கிக்கொண்டு வருகிறாள். கரும்பலகை அவளுக்கு ஒரு சாக்கு. தேடி வந்தது, காட்டில் ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்தியிருக்கும் காதலனை. அவனாக வருவது காடெஸ். பாட்டு இல்லை, பளபளப்பு இல்லை. குளிரில் சுருங்கிய முகமும், யாரிடம் எதைக் கேட்கலாம் என்று தயங்கும் கண்களும்தான் நடிப்பு. கார்லோவி வாரி விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. 1984-ல் தொலைக்காட்சித் தொடரில் மாரியானா பினேடாவாக நடித்தார். கொடியொன்றில் சுதந்திர வாசகம் தைக்க வைத்த குற்றத்துக்காக 1831-ல் கிரனடாவில் கொல்லப்பட்ட பெண் அவர். அந்தப் பாத்திரத்தை வேறு யாருக்கும் கொடுக்கத் தோன்றாது.

கேள்வி: இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு ஒதுங்கியது வீண் இல்லையா?

பதில்: யாருக்கு வீண்? ஒதுங்கியபோது அவருக்கு 37 வயது. அதில் 25 ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருந்தார். அரசாங்க வேலையிலேகூட ஓய்வு கொடுத்திருப்பார்கள்.

கேள்வி: பெரிய விருதுக்குக்கூட வரவில்லையாமே?

பதில்: 2020-ல் ஸ்பெயின் திரை அகாதெமி அவருக்குக் கோயா கௌரவ விருது அளித்தது. விழா நடந்தது மாலகாவிலேயே. அப்போதும் அவர் மேடை ஏறவில்லை, மகள்கள் வாங்கிக்கொண்டார்கள். வராதது கர்வம் என்று எழுதியவர்கள் ஒரு பதினோரு வயதுச் சிறுமியை மறந்துவிட்டவர்கள். அன்று 'வரமாட்டேன்' என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கவில்லை.

கேள்வி: எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பதில்: பாட்டுக்கு 'தோம்போலா', நடிப்புக்கு 'கடந்த நாட்கள்'. இரண்டையும் இதே வரிசையில் பாருங்கள். மாலகா போனால் அவர் வீட்டு வாசலில் மட்டும் போய் நிற்காதீர்கள்.