சரக்குக்கல வரவியல்: பாயிரமும் ஏழு கட்சிகளும்

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், ஆளில்லாச் சரக்கு விண்கலம் விண்வெளி நிலையத்தை வந்தடைவதை வீட்டில் உட்கார்ந்து நேரலையில் காணும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று. இத்துறையில் முன்னோர் எவரும் நூல் செய்ததில்லை. ஆகவே முன்னோர் அனைவரையும் மறுப்பது எளிதாயிற்று.

காலம். 1978 ஜனவரியில் சோவியத் நாட்டின் முதல் புரோகிரஸ் கலம் சல்யூட்-6 நிலையத்தோடு இணைந்ததிலிருந்து இவ்வரவு நிகழ்ந்துவருகிறது. நேரமெல்லாம் துல்லியமாகப் பதிவாகியிருப்பதால் நம் கால ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. முன்பின் ஐந்நூறு ஆண்டாவது இடம் இருந்தால்தான் அவர்களுக்குப் பேனா ஓடும்.

வரவின் வகை. வரவு நால்வகைப்படும்.

முதலாவது, தானே வந்து பொருந்துவது. புரோகிரஸும், ஐந்தே முறை பறந்த ஐரோப்பாவின் ஏடிவியும் இவ்வகை.

இரண்டாவது, பிடிபடுவது. கலம் சுமார் பத்து மீட்டர் தள்ளி வந்து நிற்கும், 17.6 மீட்டர் நீளமுள்ள கனடாவின் ரோபோக் கை எட்டிப் பிடிக்கும். சிக்னஸ் இவ்வகை. டிராகன் இவ்வகையில் இருந்து, 2020 டிசம்பரில் முதல் வகைக்குக் கட்சி மாறியது.

மூன்றாவது, மோதுவது. 1997 ஜூன் 25, மிர் விண்வெளி நிலையத்தில் இடித்த புரோகிரஸ். மனிதரே ஓட்டிப் பார்த்த சோதனை.

நான்காவது, வாராமை. 2014 அக்டோபர், 2015 ஏப்ரல், 2015 ஜூன் மாதங்களில் கிளம்பி வந்துசேராத கலங்கள். இதற்கு உரை வேண்டியதில்லை.

காண்போர். இருவகையர்: தூங்குவோர், தூங்கியதை மறுப்போர்.

வேகம். நிலையமும் கலமும் மணிக்கு ஏறத்தாழ 28,000 கி.மீ. வேகத்தில் பாய்கின்றன. திரையில் பார்ப்பவரோ, “என்னய்யா, நின்ன இடத்துலயே நிக்குது” என்கிறார். இரண்டும் உண்மை. கடைசிக் கட்டத்தில் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான். முன்னே போகும் நிலையத்தைப் பிடிக்கக் கலம் தாழ்வான பாதையில் சுற்ற வேண்டும். தாழ்ந்தது விரைந்து சுற்றும். பதவி உயர்வு பெற்றோர் மெதுவாக நடப்பதற்கும் இதுவே காரணம் என்ப. முன்பு புரோகிரஸ் போய்ச்சேர வழக்கமாக இரண்டு நாள் ஆகும். 2012-இல் அது ஆறு மணி நேரமாயிற்று. 2018-இல் நான்கு மணி நேரத்துக்கும் குறைந்தது. நடுவில் எழுந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு வரும் தொன்மையான காண்முறை இவ்வாறு அழிந்தது.

தலையாய சிக்கல். கலம் ‘வந்துவிட்டது’ என்று எக்கணத்தில் சொல்வது? எடுத்துக்காட்டாக, 2020 அக்டோபரில் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து கிளம்பிய ‘எஸ்.எஸ். கல்பனா சாவ்லா’ என்ற சிக்னஸ் கலத்தைக் கொள்வோம். (பெயரில் ஆராய ஒன்றுமில்லை, வணங்கிவிட்டு மேலே செல்க.) அதில் 2.3 கோடி டாலர் செலவில் உருவான புதுக் கழிப்பறை ஒன்றும், விளம்பரப் படம் எடுப்பதற்காக முகப்பூச்சுக் குப்பிகளும் போயின.

முதற் கட்சியார், சன்னலில் தெரிந்தாலே வந்ததாகும் என்பர். இவர்கள் ரயில் நிலையத்துக்கு ஆள் அனுப்பிப் பழகாதவர்கள்.

இரண்டாம் கட்சியார், அக்டோபர் 5 அன்று ரோபோக் கையின் மூன்று கம்பிவடங்கள் கலத்தின் பிடிமுளையைச் சுற்றி இறுகிய கணமே வரவு என்பர். நேரலையில் கைதட்டுவதும் அப்போதுதான். எனவே இது பாமரர் கொள்கை என்று தள்ளப்பட்டது.

மூன்றாம் கட்சியார், நிலையத்தின் யூனிட்டி பகுதியில் பதினாறு போல்ட்டுகளும் முடுக்கப்பட வேண்டும் என்பர். “பதினைந்து முடுக்கியபின் என்ன நிலை?” என்று பெயர் தெரியாத உரைகாரர் ஒருவர் வினவி, விடையைப் பதிப்பிக்காமலே ஓய்வுபெற்றார்.

நான்காம் கட்சியார், காற்றுக் கசிகிறதா என்று சோதித்து முடித்தால்தான் வரவு என்பர். கசிவுச் சோதனையே பிற்கால இடைச்செருகல் என்று அதே உரைகாரர் தம் நூலுக்குத் தாமே மாணவர் பெயரில் எழுதிய மதிப்புரையில் நிறுவியுள்ளார்.

ஐந்தாம் கட்சியார், கதவு திறக்க வேண்டும் என்பர். அம்மதிப்புரையை மறுத்து, எந்த நூலகத்திலும் இல்லாத மாநாட்டு மலர் ஒன்றின் கிழிந்துபோன பக்கத்தில், அடிக்குறிப்பின் அடிக்குறிப்பாக அவர்கள் தந்த சான்று மிக வலுவானது. இருந்த ஒரே படியைக் கரையான் தின்றுவிட்டதால் நினைவிலிருந்தும், நினைவும் தவறியதால் ஊகத்திலிருந்தும் அதை மேற்கோள் காட்டுவது இத்துறையின் மரபு.

ஆறாம் கட்சியார், கழிப்பறையைப் பொருத்தி, ஒருவர் உள்ளே போய்த் திரும்பி வந்தால்தான் வரவு நிறைவுறும் என்பர். பயன்கொள்ளாதவரை பொருள் பொருளன்று என்பது அவர்தம் வாதம். இக்கொள்கையைத் தம் நூல்களுக்கும் பொருத்திப் பார்க்கும்படி வேண்டியபோது அவர்கள் அமர்வைத் தேநீருக்காக ஒத்திவைத்தனர்.

ஏழாம் கட்சியார், நிலையமும் கலமும் ஓயாமல் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பவை; விழுகிற ஒன்றிடம் விழுகிற மற்றொன்று வந்தடைந்தது என்பது வழு என்பர். இவர்களுக்கே ஆய்வு நிதி கிடைத்தது.

முடிபு. ஏழு கட்சியாரும் ஒரு குழு அமைத்து, குழுவின் தலைவர் யார் என்று முடிவாவதற்குள், 2021 ஜனவரி 6 அன்று கலம் குப்பையை ஏற்றிக்கொண்டு நிலையத்தைவிட்டுக் கிளம்பியது. விண்கலத்தில் நெருப்பு எப்படிப் பரவும் என்றறிய அதனுள் வேண்டுமென்றே தீ மூட்டிப் பார்த்தார்கள். அம்மாதக் கடைசியில் அது வளிமண்டலத்தில் எரிந்து போயிற்று. அதாவது, வந்தது எப்போது என்று நிறுவப்படாத ஒன்று போயே போய்விட்டது.

சரக்குக் கலத்துக்கும் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கும் வேற்றுமை யாது என்று வாய்மொழித் தேர்வில் வினவினால், மாணவர் இவ்வாறு விடையிறுக்க: கலத்தில் போகும்போது மட்டுமே குப்பை இருக்கும்.