வேலாமரத்தை வெட்ட ஆள் பேசின பேரனுக்கு

வா கண்ணு. செருப்பைக் கழட்டாத, முள்ளுக் கெடக்குது. சித்த இப்படி நெழல்ல உக்காரு.

மூலனூர்ப் பக்கம் ஆடு மாடு மேய்க்கப் பத்து ஏக்கர் கொரங்காடு வாங்கிட்டியாமா? சந்தோசம். வாங்குன மூணாம் நாளே வேலாமரத்தையெல்லாம் வெட்ட ஆள் பேசிட்டியாமா? ஏன்டான்னு கேட்டா, "நெழல் வுழுந்தா புல்லு வளராதுங்க அப்புச்சி"ங்கற. ஆரு சொன்னா? மொபைல் சொல்லுச்சா? அந்த மொபைலு எந்த வருசம் ஆடு மேய்ச்சுது?

அண்ணாந்து பாரு. இது வெள்வேலு. எலை எத்தன்தண்டி இருக்குது? சல்லடையில சலிச்சாப்புல வெய்யிலு கீழ எறங்குதா இல்லையா? புளியமரத்தடியில புல்லு வரலீன்னு சொல்லு, ஒத்துக்கறேன். வேலாமரத்து மேல ஏன் பழியைப் போடற?

அந்தக் குச்சியை எடுத்து இந்தச் சருகைக் கிளறு. என்ன வருது? பாதி மக்குன ஆட்டுப் புழுக்கை, எறும்பு, கறுத்த பொலபொலன்னு மண்ணு. கையை வெச்சுப் பாரு, குளுகுளுன்னு இருக்கும். இப்ப எந்திரிச்சு அக்கட்டால இருவது எட்டு நடந்து போயி வெட்டவெளி மண்ணைத் தொடு. தோசைக்கல்லுதான்! காடு ஒண்ணு, மழை ஒண்ணு. அப்பறம் ஏன் இந்த வித்தியாசம்?

மரத்து வேரு ஆழத்துல போயி சத்தை உறிஞ்சுது. எலையா உதுத்து மேல போடுது. அது ஒரு வரவு. இன்னொண்ணு ஆடு மாடு. வெடியால இருந்து காடு பூராச் சுத்தி வசூல் பண்ணிட்டு, உச்சி வெய்யிலுக்கு இங்க வந்து படுத்து, சாணியும் மூத்தரமுமாக் கட்டிட்டுப் போவுது. ரசீது கேக்காத வரவு. அடிமரத்தை ஒட்டிப் புல்லு இல்லீன்னு நீ காட்டுவ. நெசந்தான். மாடு படுத்துப் படுத்து, மிதிச்சு மிதிச்சு மழுங்கிப்போன எடம் அது. நெழலோட ஓரத்தைப் பாரு. வெளியில இருக்கற கொழுக்கட்டைப் புல்லு காஞ்சு கம்பியான பொறவும் அங்க மட்டும் பச்சை நிக்கும்.

கொழுக்கட்டைப் புல்லுன்னதும் சிரிக்கற. பிள்ளையாருக்குப் படைக்கறது இல்ல கண்ணு, மாட்டுக்குப் படைக்கறது. இந்தச் சீமையில வருசத்துக்கு 600 மில்லிமீட்டரைச் சுத்தித்தான் மழை. அதுலயே பொழைச்சுக் கெடக்கற புல்லு. அதை ஓட்டிப்போட்டு நீ சூப்பர் நேப்பியர் வெக்கோணுங்கற. அது தண்ணி குடிக்கறதைப் பாத்தா உன்ற போர்வெல்லே கும்புடு போட்டு ஓடிரும்.

சித்திரை வெய்யிலுல என்ன பண்ணுவ? கண்ணபுரம் மாட்டுச் சந்தை கூடற காலம், தரையில ஒரு பச்சை இருக்காது. தொரட்டியை எடுத்து வேலாமரத்தை ஒரு உலுக்கு உலுக்கோணும். நெத்து சலசலன்னு வுழுகற சத்தத்துக்கு அம்புட்டு ஆடும் ஓடி வரும். தின்னுபோட்டு வெதையைப் புழுக்கையோட காடு பூரா போட்டுட்டுப் போவும். வவுத்துக்குள்ள போயி வந்த வெதைக்குத் தோலு எளகியிருக்கும். மழை வுழுந்தா மொளைக்கும். கன்னும் எரு மூட்டையும் ஒண்ணா எறங்குது, கூலியும் இல்ல. உன்ற நர்சரிக்காரன் குடுப்பானா?

போன மாசம் ஒருத்தரு காரு போட்டுக்கிட்டு வந்து, "மரம், புல்லு, ஆடு மாடு ஒண்ணா இருக்கற இதுக்குப் பேரு சில்வோபாஸ்சர்"ன்னாரு. அப்பிடிங்களா சாமி, நாங்க மேய்ச்சல்னு இல்ல சொல்லிட்டிருந்தோம்னேன். ஸ்பெயின்ல ஓக் மரத்துக் காட்டுல பன்னி மேயுதாமா. மரத்துல இருந்து வுழுகற கொட்டையைத் தின்னு கொழுக்குதாமா. அந்தக் கறிக்கு யானை வெலையாமா. அங்கயும் மரத்தை வெட்டிப்போட்டுப் பன்னி வளக்கலயே?

இதைக் கேட்டுட்டு நாளைக்கே ஏக்கருக்கு ஆயிரம் கன்னு வெச்சுராத. உன்ற கொணம் எனக்குத் தெரியும். மரம் நெருங்குனா அது தோப்பு. புல்லுக்கு வெய்யிலும் வேணும், வேருக்கு எடமும் வேணும். ஆடு வெதை போடுதேன்னு மொளைச்ச அத்தனையும் வுட்டாலும் தப்பு, அப்பப்பக் கழிச்சு வுடோணும். சீமைக்கருவேலு நொழைஞ்ச காட்டைப் போயிப் பாத்துட்டு வா. அதுவும் மரந்தான். உள்ள ஆடு போவ வழியுண்டா? ஒரு கத்தைப் புல்லு உண்டா?

அப்பறம் நீ போட்டு வெச்சிருக்கற கம்பி வேலிக் கணக்கைக் கிழிச்சுப் போடு. கிளுவைக் குச்சியை நட்டா வேலி. அதுலயே காட்டை நாலாத் தடுத்துப் படலைச் சாத்து. ஒரு பக்கம் மேஞ்சா மத்த மூணும் மூச்சு வுடும். ஒரே எடத்துல மாட்டை வுட்டா நெழலடியிலயேதான் நிக்கும். மண்ணு கெட்டிச்சுப் போவும். அப்பறம் மரத்தைத் திட்டுவ.

ட்ரோன் வாங்கப் போறியாமா? எதுக்கு? மாடு எங்க நிக்குதுன்னு பாக்கறதுக்கா? மத்தியானம் எங்க நிக்கும்னு இத்தன நேரம் சொன்னனே.

சரி, சித்த நகந்து உக்காரு. அது மயிலைப் பசு படுக்கற எடம். அது வர்ற நேரமாச்சு.