ஏழு மட்டமும் ஒரு பேரும்

இலங்கையில் தோட்டப் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை தாய்மொழியில் படிப்புக் கொடுக்க வேண்டும் என்று துரைமாருக்கு 1907இலேயே சட்டம் கடமை வைத்தது. பத்துக்கு மேல் எதற்கு? அதற்குள் கை கொழுந்துக்கு எட்டிவிடுமே!

இப்போது தேசிய தொழில் தகைமையில் 7 மட்டங்கள். ஏழாவது பட்டத்துக்குச் சமம். கேகாலையில் முப்பது வருஷம் றப்பர் பால் வெட்டிய அக்காவும், தனக்குக் கத்தி பிடிக்கத் தெரியும் என்று நிரூபித்துச் சான்றிதழ் வாங்கலாம். பட்டையை எவ்வளவு சீவினால் மரத்துக்குக் காயம் படாது என்பது அவர் விரலுக்குத் தெரியும். ஆனால் அதற்கான வகுப்பை வேலைநாளில் வைத்தால்? போனால் பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை. பாதியில் ஓடிவந்தால் அரைப்பேர்.

வகுப்பு நாளுக்கும் முழுப்பேர் போடட்டும். அப்புறம் பேசலாம், தோட்டத்து ஆட்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லையென்று.