சாப்பிட்டது எங்கே போகிறது?

● மதியம் சாப்பிட்ட சோறு சக்தியாக மாறுவது வயிற்றிலா, குடலிலா?
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

இரண்டிலும் இல்லை. அவை சோற்றைக் குளுக்கோஸாக உடைத்து ரத்தத்தில் சேர்ப்பதோடு சரி. மற்ற வேலையெல்லாம் செல்லுக்குள். அங்கே குளுக்கோஸ் முதலில் இரண்டாக உடையும்போது மிஞ்சுவது, ஆற்றலைச் சுமக்கும் 2 ஏ.டி.பி. மூலக்கூறுகள்தான். அந்தத் துண்டுகள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், ஆக்சிஜனும் கிடைத்துவிட்டால் மொத்தம் ஏறத்தாழ 30. தசை அசைவதும் நரம்பு பேசுவதும் இந்த ஏ.டி.பி.யைச் செலவழித்துத்தான்.

● ஒரு நாளைக்கு எவ்வளவு ஏ.டி.பி. தேவை?
– வங்கி ஊழியர், கோவை

கிட்டத்தட்ட உங்கள் எடை அளவுக்கு! ஆனால் எந்த நேரத்திலும் உடம்பில் கையிருப்பு 100 கிராமைத் தாண்டாது. உடைந்ததே மறுபடி ஒட்டி, மறுபடி உடைந்து, நாள் முழுக்கச் சுற்றி வருகிறது.

● மைட்டோகாண்ட்ரியா செல்லின் 'பவர் ஹவுஸ்' என்று எழுதி மார்க் வாங்கிவிட்டேன். உள்ளே என்னதான் நடக்கிறது?
– பிளஸ் டூ மாணவி, திருநெல்வேலி

மார்க் வாங்கிய பிறகும் கேட்கிறீர்களே, அதற்கே தனி மார்க் தரலாம். உணவிலிருந்து பிரித்த எலக்ட்ரான்கள், உள்சவ்வில் இருக்கும் புரதங்களிடம் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன. நாம் மூச்சு விடுவதே இந்தக் கடைசிக் கைக்காகத்தான். போகிற வழியில் வெளிப்படும் ஆற்றல் புரோட்டான்களைச் சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. மேட்டூர் அணையில் தேங்கிய தண்ணீர்போல அவை அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். திரும்பி வர முக்கியமான மதகு, ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற புரதம். புரோட்டான்கள் அதன் வழியே பாயும்போது அதன் ஒரு பகுதி சுழல்கிறது. சுழலச் சுழல ஏ.டி.பி. உருவாகிறது.

சுழல்வது பேச்சுக்கு அல்ல. 1997-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, ஏ.டி.பி.யைக் கொடுத்து எதிர்த்திசையில் ஓடவிட்டு, நுண்ணோக்கியில் கண்ணாரப் பார்த்தார்கள். புரோட்டான் தேக்கத்தைப் பற்றி பீட்டர் மிட்செல் 1961-ல் எழுதியபோது பலர் ஏற்கவில்லை. 1978-ல் அதற்கே நோபல் பரிசு. உயிரியலில் இவ்வளவு அழகான சிந்தனை அபூர்வம்.

● எடை குறையும்போது கொழுப்பு வியர்வையாகத்தானே போகிறது?
– உடற்பயிற்சி ஆர்வலர், மதுரை

பெரும்பகுதி மூச்சோடு போகிறது. 10 கிலோ கொழுப்பு முழுதும் செலவானால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாகவும், 1.6 கிலோ தண்ணீராகவும் வெளியேறும்.

● ஓடாமல், மாத்திரை போட்டே கொழுப்பைக் கரைக்க முடியாதா?
– ஐ.டி. ஊழியர், சென்னை

1930-களில் அமெரிக்காவில் முயன்றார்கள். டைநைட்ரோஃபீனால் என்ற அந்த மருந்து, புரோட்டான்களை மதகு வழியே விடாமல் சவ்வில் கசியவிட்டது. ஏ.டி.பி. குறைந்தது, ஆற்றல் வெறும் வெப்பமாகப் போனது. எடை இறங்கியது உண்மை. உடல் கொதித்து இறந்தவர்களும், கண்புரை வந்து பார்வை இழந்தவர்களும் உண்மை. 1938-ல் அங்கே அது மருந்துச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இன்றும் கள்ளத்தனமாக இணையத்தில் விற்கிறார்கள். தொடாதீர்கள்.

● ஏ.டி.பி. ஆராய்ச்சியில் நம் நாட்டவர் யாராவது உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலூர்

உண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, ஹார்வர்டுக்குப் போனவர். சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து தசையில் ஏ.டி.பி.யைக் கண்டறிந்து 1929-ல் வெளியிட்டார். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாகக் கண்டறிந்தார். சுப்பாராவுக்கு நோபல் கிடைக்கவில்லை. நீங்கள் ஆசிரியர் என்பதால் கேட்கிறேன்: அடுத்த முறை ஒரு பிள்ளைக்கு ஏ.டி.பி. சொல்லிக்கொடுக்கும்போது இந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.